எண்ணெய் வைத்த தலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் நலமா? முட்டிவலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் பாப்பாவுக்கு ஆறு வயது. அவளுக்கு வந்திருப்பது வருடத்துக்கு வருடம் முற்றும் அபூர்வ வலிப்பு நோய். நேற்று மூளை அலைப் பரிசோதனை. அழகாக இருக்கட்டுமே என்று எண்ணெய் தடவிப் பின்னிவிட்டேன். அந்த எண்ணெயில், அலையைப் பதியும் வயர் ஒன்றுகூடத் தலையில் ஒட்டவில்லை.

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு நெனச்சியா?" என்றார் வயர் ஒட்டும் அக்கா. இரண்டு முறை ஷாம்பு போட்டு அலசினோம். அந்தக் களைப்பில் பாப்பா தானாகவே தூங்கிவிட்டாள். தூங்கினால்தான் அலை நன்றாகப் பதியுமாம்.

டாக்டர் போன வருடத் தாளையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அலை இன்னும் மெதுவாத்தான் ஓடுது. ஆனா போன வருஷத்தவிட மோசமாகல. புது மருந்து கேக்குதுன்னு நெனக்கிறேன்."

பாப்பாவின் அம்மா என் கையைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை.

உங்கள் பழைய புடவை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை போய்விடும்.

அடுத்த வருடப் பரிசோதனைவரை இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வந்தபோது பாப்பாவுக்குப் பேச்சே நின்றிருந்தது. இப்போது "அக்கா" என்று கூப்பிடுகிறாள். இதோ, மறுபடி கூப்பிடுகிறாள். ஓடுகிறேன்.

உங்கள் மகள்