மிளகு ஸ்டோரில் பதின்மூன்று பேர்

1996 ஜனவரி 10, புதன்

சம்பள நாள். மிளகும் மஞ்சளும் அரைக்கும் இந்த மாத்தளை மில்லில் இருபத்திரண்டு பேருக்கும் நூற்றுக்கு எட்டு வீதம் ஈ.பி.எப். என்ற சேமலாப நிதிக்கு வெட்டினேன். சட்டப்படி முதலாளி தன் பங்காகப் பன்னிரண்டு சேர்த்துக் கொழும்பு மத்திய வங்கிக்கு அனுப்ப வேண்டும்; வயது போனதும் வட்டியோடு திரும்பி வரும். ஆனால் நான் அனுப்பும் படிவத்தில் ஒன்பது பெயர்தான். மற்றப் பதின்மூன்று பேரின் எட்டும் மைக்கல் முதலாளியின் மேசை லாச்சிக்குள் இளைப்பாறுகிறது. ஒன்பதில் என் பெயர் உண்டு. கிளாக்கர் அல்லவா!

ஜனவரி 14, ஞாயிறு

பூசையில் முதலாளி காணிக்கைத் தட்டில் நூறு ரூபாய்த் தாளை விரித்து வைத்தார். மடித்து வைத்தால் ஆண்டவருக்குத் தெரியாது போலும்.

ஜனவரி 23, செவ்வாய்

மிளகு புடைக்கும் சவரியம்மா மேசைக்கு வந்தாள். பதினோரு வருடமாக இங்கே வேலை. ஜூனில் ஐம்பது வயது. பெண்கள் ஐம்பதில் காசை எடுக்கலாம்.

“கூரைத் தகரமெல்லாம் ஓட்டைங்க கிளாக்கரையா. அந்தக் காசு வந்தா மாத்திப்புடலாம். எவ்வளவு சேந்திருக்கும்?”

“பாத்துச் சொல்றேன்” என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? அவள் பதின்மூன்றில் ஒருத்தி.

மூட்டை எண்ண மிளகு ஸ்டோருக்குள் போனேன். வழக்கம்போல ஏழு தும்மல். அவள்தான் சிரித்துக்கொண்டே தண்ணீர் தந்தாள்.

பெப்ரவரி 2, வெள்ளி

புதன்கிழமை கொழும்பில் மத்திய வங்கிக்குக் குண்டு. எத்தனை உயிர்கள்! பேப்பரைப் பார்க்க முடியவில்லை. முதலாளி பார்த்தார். பார்த்து யோசித்தார்.

பெப்ரவரி 5, திங்கள்

யோசித்தது இன்று வெளியே வந்தது. சவரியம்மாவிடம் சொன்னார்: “ஒன் காசு அந்தப் பேங்க்லதான் இருந்திச்சு. எல்லாம் எரிஞ்சு போச்சு. ஜெபம் பண்ணிக்க.”

அனுப்பாத காசும் எரியுமாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேரேட்டைப் பார்த்தேன்.

த்தூ, நானும் ஒரு மனுசனா?

மார்ச் 12, செவ்வாய்

தொழில் திணைக்கள அதிகாரி வருகிறார் என்று காலையிலேயே தகவல். எங்கள் மில்லின் வழமைப்படி, படிவத்தில் இல்லாத பதின்மூன்று பேரும் மிளகு ஸ்டோருக்குள். மஞ்சள் ஸ்டோர் காலிதான், ஆனால் அதன் கதவுக்குப் பூட்டில்லை. பூட்டியவன் நான்.

அதிகாரி ஒன்பது பேரை எண்ணினார், தேத்தண்ணி குடித்தார், எழும்பினார். அப்போது ஸ்டோருக்குள் ஒரு தும்மல்.

“யாரு அது?”

“எலி, சேர்” என்றார் முதலாளி.

இன்னொரு தும்மல், முதலாவதைவிடப் பெரிது.

“எலிக்குத் தடிமன் போல” என்று சொல்லிவிட்டு அதிகாரி சாவியைக் கேட்டார்.

பதின்மூன்று எலிகளும் வரிசையாக வெளியே வந்தன. அதிகாரி என்னிடம் திரும்பி, இவர்களுடைய சம்பளப் புத்தகம் எங்கே என்றார். முதலாளி என்னைக் கண்ணாலேயே கெஞ்சினார் — ஞாயிறு பூசையில்கூட அந்த முகத்தைக் கண்டதில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

வேலை போனது. “நம்பிக்கைத் துரோகி” என்றார். ஊழியர் நம்பிக்கை நிதி என்றும் ஒன்று உண்டு. அதற்கு முதலாளி நூற்றுக்கு மூன்று கட்ட வேண்டும். அதையும் இவர் கட்டியதில்லை.

மார்ச் 30, சனி

“ஒங்களுக்கு ரோசம் வர வேற மாசமே கெடைக்கலையா?” — என் மனைவி தெரேசா, காலி அரிசிப் பானையைக் கவிழ்த்து வைத்தபடி.

மே 6, திங்கள்

யட்டவத்தயில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. சம்பளம் பாதி. படிவத்தில் எத்தனை பெயர் என்று முதல் நாளே கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வர, சவரியம்மா திணைக்களத்துக் கடிதத்தோடு நின்றாள். சிங்களத்தில் இருந்தது, வாசித்துச் சொன்னேன். முதலாளி நிலுவையையும் தண்டத்தையும் கட்டியிருக்கிறார். பதினோரு வருடத்து எட்டும் பன்னிரண்டும் அவள் பெயரில் இருக்கிறது. இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். மாரிக்கு முன்னே தகரம் மாற்றுவாளாம்.

போகும்போது கேட்டேன்: “அன்னைக்கு ஸ்டோர்ல தும்முனது யாரு?”

“நாந்தாங்க.”

“உனக்கும் மொளகு ஒத்துக்காதா?”

“பதினோரு வருசமா அதுக்குள்ளயே நிக்கிறேன், எனக்கு எங்கங்க தும்மல் வரும்? நீங்க தும்முற மாதிரி தும்மிப் பாத்தேன்.”