என் காதின் மேல் நீ போட்ட பழி

எவ்வளவு கோபம் வந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராத என் அண்ணனுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் உன்னோடு கப்பலில் வேலை பார்த்த தனசேகர் நம் குப்பத்துக்கு வந்துபோனார். அதற்குப் பிறகு மனசுக்குள் பேச முடியவில்லை. நாலு பேர் காதில் விழட்டும் என்றே எழுதுகிறேன்.

நான் போர்க்கப்பல் பைத்தியமானது உன்னால்தானே? லீவில் வரும்போதெல்லாம் ஈர மணலில் விரலால் வரைந்து காட்டுவாய். பெரிய பீரங்கிகள் கூண்டு கூண்டாக நின்றால் குரூசர். மேல்தளம் மொட்டையாக நீண்டு கிடந்தால் விமானம் இறங்கும் கப்பல். ஒல்லியாகச் சீறிக்கொண்டு போனால் டெஸ்ட்ராயர். ஜப்பான்காரன் மலை மாதிரி ஒரு கப்பல் கட்டியதையும், அதை விமானங்களே குண்டு போட்டு மூழ்கடித்ததையும் நீ சொல்லித்தான் கேட்டேன். அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரெல்லாம் கப்பல் வரைந்து அம்மாவிடம் அடி வாங்கினேன். மாமல்லபுரத்துக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஏதாவது நகர்ந்தால், கட்டுமரத்தில் இருந்தபடியே அது என்ன வகை என்று சொல்லிவிடுவேன்.

"நீயும் வந்துருடா. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல சுத்திகினு இருக்கலாம்" என்று நீதான் சொன்னாய்.

எழுபதாம் வருஷம் ஆள் எடுப்புக்கு நீயே என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனாய். ஓட்டம், எழுத்து, கண் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். பாக்கி இருந்தது டாக்டர் மட்டும்தான். எனக்கு முன்னால் நீ அந்த அறைக்குள் போய் வந்தாய்.

"டாக்டராண்ட சொல்லிக்கீறேன். நல்லா பாத்துப்பாரு. பயப்படாத போடா" என்று முதுகில் தட்டினாய்.

உள்ளே போனதும் அவர் நேராக என் இடது காதைத்தான் பார்த்தார். சின்ன வயதில் சீழ் பிடித்து ஆறிய காது. பீரங்கி வெடிக்கிற இடத்துக்கு இது ஆகாது என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும்போது செங்கல்பட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதேன். நீ என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "வுடுறா, அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்" என்று திட்டினாய். உன் கண்ணும் கலங்கியிருந்தது. எதற்காகக் கலங்கியது, அண்ணா?

அன்றிலிருந்து நான் பழுதானவன் என்றே நம்பினேன். பாறையில் சிக்கிய வலையை எடுக்க முங்குவதை விட்டுவிட்டேன். யார் பேசினாலும் வலது பக்கத்தைத் திருப்பிக் கேட்கப் பழகினேன். எழுபத்தொன்றில் சண்டை வந்தபோது ரேடியோவை விட்டு நகராமல் இருந்தேன். உன் கப்பல் பத்திரமாகத் திரும்பியது என்று தெரிந்தும், கூட நிற்க முடியாத வெட்கம்தான் எனக்கு மிஞ்சியது. கல்பாக்கத்தில் வெல்டராகச் சேர்ந்த பிறகு திருக்கழுக்குன்றத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. மறைக்கக் கூடாது என்று, இடது காது சரியில்லை என்று நானே சொன்னேன். அவள் அப்பா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அவளுக்கு இப்போது வேறு இடத்தில் கல்யாணமாகி, கைக்குழந்தை இருக்கிறது.

உன்னை மூடிய பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்க விடவில்லை. விபத்து என்றார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு உனக்குக் கொள்ளி வைத்தவன் நான். எனக்கு எதுவுமே தெரியாது.

தனசேகர் ராயபுரத்து ஆள். வந்ததும் சிரித்துக்கொண்டே, "இன்னா கோதண்டம், காது நல்லா கேக்குதா?" என்றார்.

"இடது காது ஆகாதுண்ணே" என்றேன்.

"அட, இன்னும் அதையே சொல்லிகினு கீறியா? அது உங்க அண்ணன் உட்ட டூப்பு. சீழ் இன்னும் வடியுது, சத்தம் தாங்க மாட்டான், கழிச்சுடுங்கோன்னு டாக்டர் காலப் புடிக்காத குறையாக் கெஞ்சிக்கீறான். உனக்குத் தெரியாதா?"

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைக்காரனிடம் வாங்கிய பழைய கப்பலாம். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தாலும், கீழே பாய்லர் அறையில் நீராவிக் குழாய்கள் ஓட்டைக்கு மேல் ஓட்டை. ஆள் எடுப்புக்கு முந்தின வருஷம் குழாய் வெடித்து ஒருத்தன் வெந்துபோனானாம். அவனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது நீதானாம்.

"அன்னிக்கு நைட்டு சாப்பாட்டத் தொடல. 'என் தம்பி இங்க வரவே கூடாதுடா'ன்னு பொலம்பிகினே இருந்தான். மூணு வருஷம் கழிச்சு அதே எடத்துல, கப்பல் துறைமுகத்துல சும்மா நிக்கசொல்ல, அவனே போய்ச் சேர்ந்தான்."

அவரை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் என் காதப் பத்திப் பொய் சொன்னது உனக்குத் தெரியுமா?"

அவள் தலை நிமிரவே இல்லை. "தெரியும்."

"நீயுமா?"

"ரெண்டையும் அந்தக் கப்பலுக்குக் குடுத்துட்டு நான் யாரப் பாத்துகினு இருக்கிறது? சொல்லு" என்று கத்தினாள். பிறகு அழுதாள். என்னால் அவள் பக்கத்தில் போய் உட்கார முடியவில்லை.

மறுநாள் கல்பாக்கம் ஆஸ்பத்திரியில் காதைக் காட்டினேன். டாக்டர் அம்மா கருவி வைத்துச் சோதித்துவிட்டு, "ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார். 

உன் பொய்யால்தான் நான் உயிரோடு இருக்கிறேனோ என்னவோ. அதை நினைக்காத நாளில்லை. ஆனால் கொடி, சல்யூட், பாண்டு வாத்தியம் என்று கடிதங்களில் அழகழகாக எழுதி ஆசை காட்டியதும் நீ. கதவைச் சாத்தியதும் நீ. சாத்தினவனை வேறு யாரோ மாதிரி திட்டிக்கொண்டு என் கண்ணைத் துடைத்ததும் நீ. செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நான் பயந்து நின்றிருப்பேன், அல்லது பிடிவாதமாக வந்திருப்பேன். எதுவானாலும் அது என்னுடையதாக இருந்திருக்கும். எனக்கு உன்னை மாதிரி நெருக்கமானவர் வேறு யாரும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

இங்கே அண்ணி நலம். உன் மகள் அமுதா நாலாவது படிக்கிறாள். அப்பா சண்டையில் செத்தார் என்றுதான் அவளுக்கு எல்லாரும் சொல்லி வைத்திருக்கிறோம். போன வாரம் என் மடியில் சாய்ந்து, "சித்தப்பா, அப்பா கப்பல எந்த நாட்டுக்காரன் சுட்டான்?" என்று கேட்டாள்.

ஒரு நாட்டின் பேர் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அவள் முகத்தைப் பார்த்தால் எவனுக்கும் வரும். உனக்கும் அப்படித்தான் வந்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன்.

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அமுதாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, யாரும் சுடவில்லை என்று சொல்லப்போகிறேன். பாய்லர் அறையைப் பற்றி, நீ முதுகில் சுமந்து ஏறிய அந்த மனிதனைப் பற்றி, கடைசியில் நீ எப்படிப் போனாய் என்பதைப் பற்றி அவள் தாங்குகிற அளவுக்குச் சொல்வேன். அவள் அழுதால் கூட இருந்து அழுவேன். அவளிடம் ஒருநாளும் பொய் சொல்ல மாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தம்பி,
கோதண்டம்