முப்பதாவது நோன்பு உன்னுடையது

மச்சான்,

முந்தநாள் பெருநாள் உடுப்பு எடுக்கக் கல்முனைச் சந்தைக்குப் பின்னாலுள்ள தையல் கடைக்குப் போனேன். மெசினுக்கு மேலே சுவரில் அது இன்னமும் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய நம் பத்திரிகையின் முதற்பக்கம், நடுவில் நீ வைத்த கொட்டை எழுத்துத் தலைப்பு: ‘பிறை தென்பட்டது. இன்று பெருநாள்.’ புதிதாக வந்த ஒருவர் இது என்ன என்று கேட்கப் போக, தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார். பாதிக் கதை அவரே சேர்த்தது. நான் திருத்தவில்லை. நீ இருந்திருந்தால் உன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்திருப்பாய்.

கடைக்குள் நின்றுகொண்டே சிரித்தேன். இந்த ஊரில் தன் பிழைக்குச் சட்டம் போட்டு மாட்டப்பட்ட ஒரே பத்திரிகை நம்முடையதுதான்.

அது தொடங்கிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். கொழும்புப் பத்திரிகைகள் பஸ்ஸில் வந்து சேர மத்தியானமாகும். வந்தாலும் நம் பக்கத்துச் செய்தி ஒரு வரி கிடையாது. அந்தக் கோபத்தில் நம் முதலாளி தன் அரிசி ஆலைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பழைய அச்சு இயந்திரத்தை இறக்கினார். நான் செய்தி எழுதினேன், நீ பக்கம் கட்டினாய். மாவடிப்பள்ளி வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள், கடல் எப்படி இருக்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இல்லை என்பதெல்லாம் விடியும்போது தேநீர்க் கடைக்கு வந்துவிடும். வாய்க்கால் உடைந்தது என்று ஒரு காலை போட்டால், மத்தியானத்துக்குள் அதிகாரி மண்வெட்டிக்காரர்களோடு வரம்பில் நிற்பார். சந்தையில் இரண்டு பேர் வாய்த்தர்க்கப்பட்டால், ‘பேப்பர்ல வந்திட்டு’ என்ற ஒரு சொல்லோடு தர்க்கம் முடியும். முஸ்லிம்களின் ஜனாஸா அறிவித்தலையும் தமிழரின் மரண அறிவித்தலையும் நீ எப்போதும் ஒரே பத்தியில், ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வைப்பாய். ஊர்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த அந்த நாட்களிலும் அந்தப் பத்தியை நீ பிரிக்கவே இல்லை.

நம் அச்சகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாங்கள் வேலை பார்ப்போம், நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பாண்டிருப்பிலிருந்து வரும் நீங்கள் பார்ப்பீர்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. வருசத்தில் ஒருநாள்கூடப் பத்திரிகை நிற்காமல் வந்ததன் இரகசியம் அதுதான்.

அந்த இருபத்தொன்பதாம் நோன்பன்று பின்னேரம் இரண்டு முதற்பக்கங்களைக் கட்டி உன்னிடம் தந்துவிட்டு நாங்கள் நோன்பு திறக்க வீட்டுக்குப் போனோம். பிறை தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் மற்றது. இருட்டுப்பட்டால் தெரு அடங்கிவிடும் காலம். அதனால் மஃரிபுத் தொழுகை முடிந்த கையோடு பத்திரிகை அச்சுக்கு ஏறவேண்டும். வானொலியில் அறிவிப்பு வந்தபின் ஏற்று என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். நீயோ அச்சு ஓட்டுபவரையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாய். நற்பிட்டிமுனை வயலுக்கு மேலே, மேற்கு வானத்தில், மெல்லிய கீற்றாக ஏதோ ஒன்றை இரண்டு பேரும் கண்டீர்கள். இறங்கி வந்து பெருநாள் பக்கத்தை ஏற்றிவிட்டு, கடமை முடிந்த நிம்மதியில் சைக்கிளை எடுத்தாய்.

நீ வீடு போய்ச் சேர்ந்த பிறகு வானொலி சொன்னது, நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை என்று.

ஊர் முப்பதாவது நோன்புக்கு விடியுமுன் எழும்பி சஹர் சாப்பிட்டது. விடிந்ததும் கடைகளில் நம் பத்திரிகை பெருநாள் வாழ்த்துச் சொன்னது. நான் அச்சகத்துக்கு ஓடி வந்தபோது வாசலில் ஒரு கூட்டம். சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. பாண்டிருப்பான் வேண்டுமென்றே செய்தான் என்று பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. முதலாளி என்னை உள்ளே அழைத்து, உன்னைக் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். நீ அப்படி ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டால், அடுத்த பொங்கலுக்கு நாங்கள் எந்த முகத்தோடு உங்களுக்காக வேலை பார்ப்பது?

அதற்குள் நீயே சைக்கிளில் வந்து இறங்கிவிட்டாய். கூட்டத்துக்கு நடுவால் நடந்து வந்து என்னிடம்தான் முதலில் நியாயம் கேட்டாய்.

“ரெண்டு பேர் கண்டாப் போதும் எண்டு நீதானேடா சொன்ன? நாங்க ரெண்டு பேர் கண்டம்.”

பிறைக்குச் சாட்சி சொல்கிறவர்கள் யாராக இருக்கவேண்டும், அதை யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்பதையெல்லாம் நான் உனக்குச் சொல்லி வைக்கவில்லை. வாசலில் நின்ற பள்ளிவாசல் மரைக்காயர் ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் போய்விட்டது.

ஆனால் சாய்ந்தமருது மீனவர் ஒருவர் சிரிக்கவில்லை. இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு விடியக் கரைக்கு வந்தவர். தேநீர்க் கடையில் பத்திரிகையைக் கண்டிருக்கிறார். பேப்பரே சொல்லிவிட்டதே என்று நம்பி, பெருநாள் சந்தோசத்தில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டார். உண்மை தெரிந்ததும் நேரே நம்மிடம் வந்துவிட்டார். அவர் உன்னைப் பார்த்துக் கேட்டார்:

“இப்ப என்ட நோன்பு ஆர்ர கணக்கில தம்பி?”

நீ சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, எங்கள் வழக்கப்படி அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னாய்:

“என்ட கணக்கில போடுங்க காக்கா. காலையில இருந்து நானும் ஒண்டும் சாப்பிடல்ல. இண்டைய நோன்ப நான் புடிக்கிறன்.”

ஒருவருடைய நோன்பை இன்னொருவர் பிடிக்க முடியாதென்று அந்த மனிதருக்குத் தெரியும். அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெடித்துச் சிரித்தார். கூட்டமே சிரித்தது. முதலாளி கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்ததை நான் மட்டும்தான் கண்டேன்.

அன்று நீ ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாங்கள் கடைகடையாகப் போய்ப் பத்திரிகையைத் திருப்பிக் கேட்டால் ஒருவரும் தரவில்லை. இப்படியொரு பேப்பர் இனிக் கிடைக்குமா என்று தையல்காரர் மூன்றை ஒளித்து வைத்துக்கொண்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த மீனவரே தன் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை மூடிபோட்ட வாளியில் கொண்டு வந்தார். பாங்கு சொன்னதும் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து நோன்பு திறந்தோம். நீ மூன்று கோப்பை குடித்தாய். பிறகு எழும்பிப் போய் அடுத்தநாள் தலைப்பைக் கட்டினாய்: ‘நேற்றுச் சொன்ன பெருநாள் இன்று!’ அந்தப் பத்திரிகை மத்தியானத்துக்கு முன் தீர்ந்துபோனது.

அதன்பிறகு ஒவ்வொரு வருசமும் முப்பதாவது நோன்பு உனக்கென்று ஆகிவிட்டது. இருபத்தொன்பதோடு மாதம் முடிந்தால் ஊரே குதூகலிக்கும், நீ மட்டும் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். முப்பது வந்தால் நான் கஞ்சி வாளியோடு பாண்டிருப்புக்கு வருவேன். குடித்து முடித்ததும் நமது பழைய வழக்கு தொடங்கும். நீ கண்டது பிறை இல்லை, பட்டத்தின் வால் என்பேன். “கண்டது கண்டதுதான்” என்பாய். உன் தலை நரைத்தும் அந்த வழக்கு தீரவில்லை.

நம் பத்திரிகை இப்போதும் வருகிறது. பாதிப்பேர் தொலைபேசியில் படிக்கிறார்கள், மற்றப் பாதிப்பேர் தேநீரோடு படிக்கிறார்கள். நேற்றிரவு பெருநாள் கடமைக்கு இருந்தவளும் பாண்டிருப்புப் பிள்ளைதான். அந்த அறிவித்தல் பத்தியை அவளும் பிரிப்பதில்லை.

நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் நோன்பு மாதம் இது. முந்தநாள் மாலை பிறை தென்படவில்லை என்று அறிவித்தார்கள். இன்னுமொரு நாளா என்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட, எனக்கு மட்டும் சந்தோசம் தாங்கவில்லை. உன் நோன்பு வந்துவிட்டது.

நேற்றுப் பின்னேரம் பழக்கதோசத்தில் கஞ்சியை வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஏற்கெனவே பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருந்தன. எனக்காக வைத்ததென்று நினைத்தேன். உன் மனைவி இரண்டாவது கோப்பையையும் கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். உதடு காய்ந்திருந்தது.

“அவர்ர நோன்பு விடுபடக் கூடா எண்டு நான் புடிச்சன் காக்கா.”

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, அவருக்கும் அப்படித்தான். பாங்கு கேட்டது. உன் நோன்பை நாங்கள் இருவரும் திறந்தோம். கஞ்சியைக் குடித்தபடி அவர் கேட்டார், அன்றைக்கு நீ உண்மையாகவே பிறையைக் கண்டாயா என்று.

வாழ்நாள் முழுக்க, அது பிறை இல்லை, இல்லை என்று உன்னோடு வாதாடியவன் நான்.

“ஓம் தங்கச்சி,” என்றேன். “கண்டவன்தான்.”