வெளிநாட்டு வரிசை

தாகேதா, ரங்கூன்

அன்புள்ள அப்பாவுக்கு, தேவகியின் வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். குதிகாலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். அதுவும் நல்ல காரியத்தில் வந்தது.

அப்பா, நான் மலை ஏறிவிட்டேன்! என்னோடு ஆபீசில் வேலை செய்யும் மா கின், ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தோடு மலையேறுகிறவள். இந்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மற்ற எல்லோரும் பர்மாக்காரர்கள், நான் ஒருத்திதான் தமிழ். அடிவாரத்தில் டிக்கெட் கொடுப்பவர் என் முகத்தைப் பார்த்ததும், "வெளிநாட்டு ஆளுங்க அந்த வரிசைக்குப் போங்க" என்றார்.

யாரும் கேட்பதற்கு முன்பே, நாமும் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று அடையாள அட்டையைக் காட்டிவிடு என்று பழக்கியிருக்கிறீர்களே, என் கை தானாகப் பைக்குள் போனது. மா கின் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாங்க யாரும் காட்டலையே, நீ மட்டும் எதுக்குக் காட்டணும்?"

சொல்லிவிட்டு அவளே அந்த வரிசையில் போய் நின்றாள். பின்னாலேயே மொத்தக் கூட்டமும்! "எங்களுக்கும் வெளிநாட்டு டிக்கெட்டே கொடுங்க" என்று ஒரே கூச்சல். டிக்கெட் கொடுப்பவருக்கே சிரிப்பு வந்து, எல்லோருக்கும் உள்ளூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உச்சியில் என் புளிச்சோறு நிமிடத்தில் காலி. அம்மாவின் புளிக்காய்ச்சலைப் பெரிய பாட்டிலில் அனுப்புங்கள். ஒருத்திக்கு எதற்கென்று இத்தனை நாள் கேட்கவில்லை.

நம்மூர் மொல்மேனுக்குப் பஸ் ஏறப் புறப்பட்ட சுந்தர் அண்ணன் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். பயப்படாதீர்கள், அட்டையைக் கொண்டுதான் போயிருந்தேன். கீழே இறங்கும்வரை அது பைக்குள்ளேயே இருந்தது, அப்பா.

உங்கள் மகள்
தேவகி