பூஜ்யம் தேதியில் நட்ட கரும்பு

9-11-1987, திங்கள்
சர்க்கரை ஆலையின் உத்திரமேரூர் கரும்பு ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழைய மெஷின் ஓடியது சி.பி.எம். என்ற சிஸ்டத்தில், இது டாஸில். நான் மூன்று வருஷமாக எழுதிய புரோகிராம் எதுவும் இதில் அப்படியே ஓடாது. கரும்பு நட்ட தேதி வரிசைப்படி எந்த விவசாயிக்கு எந்த வாரம் வெட்டு உத்தரவு என்பது அதிலிருந்துதான் வர வேண்டும். மேனேஜர் சுந்தரவரதன் சார், "பழசுல என்ன வந்துதோ அதேதான் வரணும், தேவகி" என்றார். சொல்வதற்கென்ன! ஜனவரியில் என்னை நிரந்தரம் செய்வார்களாம். செய்வார்களா?

14-11, சனி
ஓடிவிட்டது! நானே பத்துப் பெயரைத் தட்டி, இரண்டு மெஷினிலும் போட்டுப் பார்த்தேன். ஒரே வரிசை. சும்மா இருக்காமல் ஒரு தேதிச் சோதனையும் சேர்த்தேன். குப்பைத் தேதி வந்தால் கடைசிக்குத் தள்ளிவிடும். கொஞ்சம் திமிர்தான்.

16-11
பழைய மெஷினைத் தூக்கிப் போய்விட்டார்கள். இனி ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

30-11, திங்கள்
மாகறலிலிருந்து பாஞ்சாலியம்மா வந்தார். "என் கட்டக் கரும்பு பூ வுட்டுக்கினு கீதும்மா. பக்கத்து வூட்டுக்காரனுக்கு ஆர்டர் வந்துட்ச்சி. எனுக்கு இன்னா ஆச்சு?"
போன வருஷம் வெட்டிய கட்டையில் துளிர்த்த கரும்பு. அதுதான் முதலில் முற்றும், முதலில் வெட்ட வேண்டும். பூ விட்டால் எடை போய்விடும். பட்டியலில் தேடினேன். கடைசிப் பக்கம். நட்ட தேதி 00-00.
பதிவு போடும் வேதகிரியைக் கேட்டேன். "கட்டைக்கு நட்ட தேதி ஏதும்மா? பூஜ்யம் போட்டா தானா முதல்ல வந்துடும். மூணு வருசமா அப்டிதான் பண்ணிக்கினு கீறோம்."
நான் குப்பை என்று தள்ளியது நூற்று நாற்பத்திரண்டு பேர் கரும்பு. இவன் ஏன் என்னிடம் சொல்லவில்லை — நான் கேட்டேனா? என் பத்துப் பெயரில் ஒரு கட்டைக் கரும்புகூட இல்லையே.

1-12
மெஷின் கோளாறு என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜனவரி, ஐயோ, ஜனவரி.

2-12
சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வேதகிரியை நிஜத் தேதி போடச் சொல்லு" என்றார். பத்து நாள் ஆகும் சார், அதுவரை கரும்பு நிற்காது என்றேன். சோதனையில் பூஜ்யத்தை மட்டும் உள்ளே விட்டேன், பழையது விட்ட மாதிரியே. மத்தியானம் பட்டியல் வந்தது. பாஞ்சாலியம்மா ஏழாவது.

12-12, சனி
பாஞ்சாலியம்மாவுக்குப் போன வருஷம் முப்பது டன். இப்போது வெட்டியதில் இருபத்துநாலுதான். வேதகிரி அவரிடம் "கம்ப்யூட்டர் கோளாறு" என்று சொல்லி வைத்திருந்தான். "இல்லம்மா, தப்பு என்னுது" என்றேன். எடைச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

21-12, திங்கள்
நிரந்தரம் இந்த ஜனவரியில் இல்லையாம், அதற்கடுத்த வருஷம் பார்க்கலாமாம். அழுதேன்.
இந்த வாரத்து உத்தரவு அச்சாகும்போது பாஞ்சாலியம்மா வந்து பிரிண்டர் பக்கத்தில் நின்றார். உங்களுக்குத்தான் வெட்டியாச்சே என்றேன். "எங்க ஊர்ல கட்டக் கரும்புக்காரங்க இன்னும் பதினோரு பேரு கீறாங்க. படி." அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பெயராக வாசித்தேன், அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். பதினொன்றும் வந்தது.
"இன்னொருவாட்டி படி" என்றார்.
படித்தேன்.