தயிர்மேல் போட்ட பழி

ஜூலை 11, வெள்ளி

காலையில் அண்ணனின் கேட்டரிங் சமையல்கட்டில் பெரிய ஃப்ரீசரைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் அதன் மோட்டார் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. உள்ளே நாளைய ரிசப்ஷனுக்கு வாங்கிவைத்த ஆட்டுக்கறி. ஓரமெல்லாம் பச்சையோடியிருந்தது. தொட்டால் விரலில் கொழகொழவென்று இழுத்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாடை கையை விட்டுப் போகவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "நான் பாத்துக்கறேன் புள்ள. கொட்டிப்போட்டு வேற வாங்கிக்கலாம்" என்றார். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறது என்று அத்தர் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூலை 12, சனி

தலைவலி. அண்ணன் என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று என்று படுத்துக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

கருமத்தம்பட்டி மண்டபத்தில் நேற்று ரிசப்ஷனில் சாப்பிட்டவர்களுக்கெல்லாம் வாந்தி, பேதி. ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அக்கா மகள் ரித்திகா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். சிறுநீர் பிரியவில்லையாம்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருவதற்குள் அண்ணன் பிரியாணி அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை. மிச்சமிருந்தது வெங்காயத் தயிர் மட்டும்தான். அதிகாரி அதைத்தான் எடுத்துப்போனார்.

கறியைக் கொட்டினாரா? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

கேட்டேன்.

அவர் மறைக்கக்கூட இல்லை. "பாதிதான் போட்டேன். வினிகர்ல அலசி, பட்டை கிராம்பைத் தூக்கலா வெச்சேன். பந்தியில ஒருத்தரு மூஞ்சி சுளிக்கல, தெரியுமா?" கைவேலையைக் காட்டுகிற மாதிரி சொன்னார். பேசும்போது பல்குத்திக்கொண்டிருந்தார்.

பின்னால் சுவரில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி, இறைவன் பெயர் எழுதிய பெரிய சட்டம். 'எங்ககிட்ட எல்லாமே ஹலால்' என்று ஆர்டர் கொடுக்க வருகிறவர்களைக் கூட்டிவந்து காட்டுவாரே, அதே சட்டம். ஆட்டை அல்லாஹ் பெயர் சொல்லி அறுத்தால் போதுமா? அழுகினதைப் பிள்ளைக்கு ஊட்டினால் அது எதில் சேரும்? அனுமதித்ததையும் நல்லதையும் சேர்த்துத்தானே உண்ணச் சொல்லியிருக்கிறது. சுத்தமானது என்ற சொல் அண்ணன் காதில் மட்டும் விழவில்லையா?

கக்கூஸுக்குப் போய் வாந்தியெடுத்தேன். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

இனி 'அண்ணன் சொன்னான்' என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை கையிலிருந்து வர மாட்டேன் என்கிறது.

அவன் அதிகாரியிடம் சொல்லிவிட்டான்: கறியில் குறையில்லை, தயிர்தான் கெட்டது. தயிர் கொடுத்தது சோமனூர் பங்காரம்மா. நாலு மாடு வைத்துக்கொண்டு ஹோட்டல்களுக்கும் விசேஷங்களுக்கும் தயிர் ஊற்றுகிறவள். எங்களுக்கு வருஷக்கணக்காகக் கொடுக்கிறாள். ஒருநாள்கூடப் புளித்தது வந்ததில்லை. ஆர்டர் எடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

வாட்ஸ்அப்பில் யாரோ அவளுடைய தொழுவத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சாணியும் ஈயும் தெரிகிற மாதிரி. எந்தத் தொழுவத்தில் சாணி இல்லை?

மத்தியானம் அவளே போன் செய்தாள். "ஏனுங்க அம்மணி, உங்கண்ணன் என்ர தயிரச் சொல்லிப்போட்டாருங்களாமா? அவரு அப்படிச் சொல்ற ஆளில்லீங்களே. நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"கேக்கறேனுங்க" என்று வைத்துவிட்டேன். அந்தக் குரலையும் என் பதிலையும் நினைக்க நினைக்கக் கூசுகிறது.

ஜூலை 17, வியாழன்

பள்ளிவாசல் ஜமாஅத்தில் பொறுப்பில் இருக்கும் ரைஹான் மாமா வந்தார். தூரத்து உறவு. அண்ணனும் அவரும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"யாராச்சும் வந்து கேட்டா, அன்னிக்கு நான் ஊட்டுல இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு கண்ணு. பொய்யுமில்ல பாரு. நீ ஊட்டுலதான இருந்த" என்றார் மாமா. எவ்வளவு சுத்தமாகத் துடைத்த பொய். சமோசாவைக் கடித்துக்கொண்டே சொன்னார், எண்ணெய் தாடியில் வழிந்தது.

அவர் போன பிறகு அம்மா: "கூடப்பொறந்தவன் குறையை மூடறவங்க குறையை அல்லா மூடுவான்னு ஓதியிருக்கறமில்ல? உன்ர ஊட்டுக்காரர் மவுத்தாகி நீ தனியா நின்னப்போ உன்னையக் கூட்டியாந்து வெச்சிருக்கறவன் அவன். அவன்மேல மண்ணை வாரிப் போட்டா நீ எங்க போயி நிப்ப?"

அம்மா சொன்னது பொய்யில்லை. மார்க்கத்தில் உள்ளதுதான். அதுதான் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

ஜூலை 18, வெள்ளி

சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு குர்ஆனைத் தமிழோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், தப்பிக்க ஒரு வழி தேடித்தான் திறந்தேன். உறவை அறுக்காதே என்ற இடம் கிடைத்தது. ஆறுதலாக இருந்தது. அங்கேயே மூடியிருக்கலாம்.

மூடவில்லை. பெண்கள் அத்தியாயத்தைப் புரட்டினேன். தான் செய்ததை ஒன்றும் அறியாதவர் மேல் எறிகிறவன் எவ்வளவு பெரிய சுமையைத் தூக்குகிறான் என்று ஓரிடத்தில் வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, சாட்சி சொல்வதைப் பற்றி. எனக்கே எதிராகப் போனாலும், பெற்றவர்களுக்கு எதிராகப் போனாலும், உறவுக்கு எதிராகப் போனாலும் நீதியில் நில் என்று. சாட்சியை மழுப்பாதே என்றும் அதில் வருகிறது. மாமா துடைத்துக் கொடுத்த அந்தப் பொய்க்கு அங்கே இடமில்லை.

எத்தனை ரமலானில் இதை ராகம் போட்டு ஓதியிருப்பேன். வாய் மட்டும் ஓதியிருக்கிறது.

குறையை மூடு என்பது? ஒருவன் வெட்கத்தை மூடலாம். அதற்காக இன்னொருத்தி சேலையை உருவியா மூடுவது?

ஜூலை 19, சனி

தொழுதேன். தொழுத மாதிரி இல்லை.

ஜூலை 21, திங்கள்

வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிச் சோமனூர் போனேன். பங்காரம்மா வாசலில் நின்று தயிரைக் குண்டாவோடு சாக்கடையில் சாய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கெட்டித் தயிர். வெயிலில் சாக்கடைத் தண்ணீரோடு வெள்ளையாகத் திரிந்து ஓடியது.

"வாங்க அம்மணி. ஒருத்தரும் வாங்க மாட்டீங்கறாங்க. மாடு கறக்காம இருக்குமுங்களா? கறக்குது. ஊத்தறேன்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கொழந்தைக்கு எப்படீங்க இருக்குது? என்ர தயிராலயா இருக்குமோன்னு எனக்கே சந்தேகம் வந்துபோச்சுங்க. பாத்திரமெல்லாம் மறுக்கா மறுக்காக் காய்ச்சறேன்."

அந்தச் சொல்தான். அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க தயிரு இல்லீங்க" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். வெயிலில் வந்தவளிடம் மோர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். ஃப்ரீசர் நின்றது, கறி இருந்த நிலை, நான் அண்ணனிடம் சொன்னது, அவன் திங்கட்கிழமை என்னிடம் சொன்னது — எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். "சொந்த அண்ணன்தானுங்களே?" என்று அதிகாரி மறுபடியும் கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

வெளியே வந்ததும் பெரிய நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

ஜூலை 23, புதன்

சமையல்கட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அண்ணன் கத்தவில்லை. என் துணிகளை ஒரு பையில் திணித்து வாசற்படியில் வைத்தான். "என்ர சோத்தத் தின்னுபோட்டு என்னையவே கொத்திட்ட. போ. வேதம் படிச்சவளுக்கு வேதம் சோறு போடட்டும்."

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பீளமேட்டில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. பின்பக்கம் ஒரு அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துக் குப்பை நாறுகிறது. பரவாயில்லை, அது குப்பை. குப்பை நாறத்தான் செய்யும்.

ரித்திகா வீட்டுக்குப் போய்விட்டாளாம். அல்ஹம்துலில்லாஹ். அம்மா போனை எடுப்பதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

தயிரில் ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்து வெகுநாளாகிறது. பங்காரம்மாவைப் பார்க்கப் போனேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா? நினைத்தேன்தான்.

"சொல்லிப்போட்டீங்க, சரீங்க. ஆனா ரெண்டு மாட்டை வித்துப்போட்டனுங்க அம்மணி. நீங்க அன்னிக்கு போன்லயே சொல்லியிருந்தா விக்காம இருந்திருப்பேன்."

சரியானதைச் செய்தால் எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஹாஸ்டலுக்குத் தயிர் கேட்டேன். யோசித்துவிட்டு, தினம் அனுப்புவதாகச் சொன்னாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

கேஸ் அபராதத்தோடு முடிந்ததாம். அண்ணன் மறுபடி அடுப்புப் பற்றவைத்திருக்கிறான். ஆர்டர் ஒன்றும் வரவில்லை என்று கேள்வி. சந்தோஷமா எனக்கு? கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைப் பார்க்கவும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் ரைஹான் மாமா போன். அவர் மகளுக்கு நாளைக்கு நிக்காஹ். "விருந்துக்கு உங்கண்ணன்கிட்டவே கேட்டிருக்கறேன். ஊட்டுல எல்லாரும் பயப்படறாங்க. நீ ஒருக்காப் போயி கறியப் பாத்துச் சொல்லு கண்ணு. நீ சொன்னா நம்பலாம்."

அன்று என் வாயைத் தைக்க வந்த மனுஷன். எண்ணெய் வழிந்த தாடி கண்ணில் வந்தது. முடியாது என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சாட்சி என்பது ஒருத்தருக்கு எதிராக மட்டும்தானா? அண்ணன் பக்கம் உண்மை இருந்தால் அதையும் நான்தானே சொல்ல வேண்டும்.

போனேன். அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இளைத்திருந்தார். கறிப் பாத்திரத்தின் மூடியை எடுத்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். குனிந்து பார்த்தேன், தொட்டேன், புரட்டினேன். இன்று அறுத்தது. அவர் எதிரிலேயே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"நல்ல கறிங்க மாமா. தைரியமாக் குடுங்க."

கை கழுவினேன். செருப்பைப் போட்டுக்கொண்டேன். அப்போதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னார்:

"அம்மா உள்ளதான் இருக்குது. பாத்துட்டுப் போ."