சேகருக்கு வேர் வரவில்லை

என் அருமைச் சண்டைக்கார அண்ணாவுக்கு,

நீ போய் இரண்டாவது மழைக்காலம் வந்துவிட்டது. அடையாறு லேபில் உன் குடுவைகள் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கொடைக்கானல் பைன் மரத்தின் ஒரே ஒரு பிஞ்சு விதையிலிருந்து நீ எடுத்த செல்கள், பிரித்துப் பிரித்து வைக்கப் பெருகிக்கொண்டே போகின்றன.

யார் தொடங்கிய செல்லோ அவர் பெயரால் அதைக் கூப்பிடுவது நம் லேப் வழக்கமாயிற்றே. யாரும் அதை மாற்றவில்லை. "சேகரு நல்லா வளந்துக்கினு கீறாருக்கா" என்று குடுவை கழுவும் தேவி சொல்லும்போதெல்லாம் நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

செல்கள் கருவாகின்றன, இருட்டில் முற்றுகின்றன, வெளிச்சத்துக்கு வந்ததும் பச்சை ஊசியிலைகூட விடுகின்றன. வேர் மட்டும் வருவதில்லை. சில வாரம் செழிப்பாக நின்றுவிட்டு ஒரு நாள் சாய்ந்துவிடுகின்றன. நீயும் கடைசி வரை பாண்டி பஜாரில் என்னோடு சிரித்துக்கொண்டுதானே திரிந்தாய்?

ஊட்டக் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். டைரக்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கலவையில தப்பில்லம்மா. விதையிலேயே இருந்திருக்கு."

உன் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் என்று கண்டுபிடித்த தேனாம்பேட்டை டாக்டரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். "பரம்பரையா வர்றது. கூடப் பிறந்தவங்க, நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க." அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடிக்கிறேன். பயமாக இருக்கிறது அண்ணா. உன் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் அம்மா, "நீயும் அவனும் ஒரே அச்சுடி" என்கிறாள். முன்பு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

நீ விதை எடுத்த அதே பைன் காயிலிருந்து நானும் ஒன்று எடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மந்தமாக வளர்கிறது, ஆளைப் போலவே சோம்பேறி என்று கேலி செய்வாய். இன்று காலை அதன் முதல் கன்றுகளை வெளியே எடுத்தோம். தேவி ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, மாலுவுக்கும் வேரக் காணோம்."

பைனுக்கும் கிட்னிக்கும் என்னடி சம்பந்தம் என்று நீ சிரிப்பாய். எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

நாளை கட்டாயம் தேனாம்பேட்டைக்குப் போகிறேன். அம்மாவிடம் லேபுக்கு என்றுதான் சொல்வேன். உன் விஷயத்தை அவளிடம் சொல்ல நான் இருந்தேன். என் விஷயத்தைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

உன் கூடப் பிறந்த
மாலு